இரைச்சல் எனக்கும் கேட்கிறது என்றேன்

சனிக்கிழமை உறுதியான தகவல் இது: என் வலது காதின் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, இடது காது வயதுக்குச் சரியாக இருக்கிறது. தகவல் தந்தவர் நாகர்கோவிலில் காது பரிசோதனை செய்யும் ஒரு பெண். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். பிறகு ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து தந்தார். ஒன்று ஏறக்குறைய நேராகப் போகிறது. மற்றது பாதி வழியில் கீழே இறங்குகிறது. "ஒரு பக்கம் மட்டும் இறங்கினா டாக்டர் பாக்கணும் சார்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், கேட்கவில்லை.

உனக்கும் வலது காதுதான். அதனால்தான் நீ போய் ஏழு வருடம் கழித்து இதை உனக்கு எழுதுகிறேன். உன் சிடி பிளேயர் என் எதிரே மேசையில் இருக்கிறது. அதன் பச்சை எண்கள் எரிகின்றன. தட்டு உள்ளே இருக்கிறது, ஓடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இப்படியே எழுதிவிடுவது நல்லது.

2004-ல் அதை வாங்கப் புதுக்கடை என்ற ஊருக்குப் போனபோது என்னையும் கூட்டிப் போனாய். கல்ஃபிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே ஆசையாய் வாங்கி, கப்பலில் போட்டுக் கொண்டுவந்த உயர்ரகப் பெட்டி. விற்பதற்குக் காரணம் அவர் மனைவிதான். "இத்தற பெரிய சாமான். டிவியில மாட்டினா படம் வராதாம். பின்ன என்னத்துக்கு?" என்று நம்மிடமே நியாயம் கேட்டார். நீயோ தட்டு வைக்கும் வாய் சத்தமில்லாமல் வெளியே வந்து, சத்தமில்லாமல் உள்ளே போவதை நாலைந்து முறை பார்த்துக்கொண்டே இருந்தாய்.

திரும்பும்போது பெட்டி காரின் பின்சீட்டில் என் மடியில் இருந்தது. கால் மரத்துப்போகும் கனம். ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்னாலிருந்து டிரைவரிடம், "மெல்ல மக்கா, புள்ளத்தாச்சிய ஏத்திட்டுப் போறோம்னு நெனச்சுக்கோ" என்றாய். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "யாரு, இவரா?" என்றான். உன் ஊர் ஆரல்வாய்மொழி வரும்வரை சிரித்தோம்.

காற்றாலைகளில் மின்பகுதி மேற்பார்வையாளன் நீ. கோபுரத்தின் உச்சிக்கு ஏணியில் ஏறுவதை வீட்டு மாடிக்கு ஏறுவதுபோலச் சொல்வாய். அந்த வேலைக்கான ரசமட்டத்தைக் கொண்டுவந்து பெட்டியின் முதுகில் வைத்து, குமிழ் நடுவே வரும்வரை அடியில் தகடு தகடாகச் செருகினாய். உன் மனைவி செலின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பெட்டி சரிஞ்சா பாட்டு வழிஞ்சு தரையில போயிருமோ?" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் நாம் கேட்பதுதான் வழக்கம். அந்த ஊர்க் காற்றுக்கு ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. இடுக்குகளில் பழைய சேலைகளைத் திணிப்பாய். மின்விசிறியை நிறுத்துவாய். பிறகு ஃபிரிட்ஜையும்.

"ஃபிரிட்ஜ அணச்சா மீனு கெட்டுப் போவும். மத்தியானம் வீணைய வறுத்துத் தருவியளா?" என்பாள் செலின்.

"ஒரு மணிக்கூறு பொறுத்துக்க பிள்ளே."

"அந்தப் பெட்டிக்குக் குடுக்க மரியாதையில கால்வாசி இந்த வீட்டு மனுசருக்கு உண்டா?" என்று சொல்லிக்கொண்டே அவளும் வந்து உட்காருவாள்.

கடைசியாகப் போடுவது எப்போதும் ஒரே வீணைத் தட்டு, அதில் ஒரே பாட்டு. அதன் முடிவில் தடித்த தந்தியில் ஒரு மீட்டு. அது உடனே முடியாது. மெலிந்து, இன்னும் மெலிந்து, இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத இடம்வரை போகும். வேறு பெட்டிகளில் அது எங்கே செத்தது என்றே தெரியாது. உன் பெட்டியில் கடைசிவரை கேட்கும். அதை நீ விளையாட்டாக்கினாய். நாம் இருவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் போய்விட்டது என்று தோன்றும்போது விரலைத் தூக்க வேண்டும். செலின் பெட்டியருகே நின்று பச்சை எண்ணைப் பார்த்து யார் எத்தனையாவது செகண்டில் தூக்கினோம் என்று சொல்வாள். முதல் வருடங்களில் நமக்குள் ஒரு செகண்டுக்குமேல் வித்தியாசம் வந்ததில்லை. நீ அதை ஒரு நோட்டில், காற்றாலையின் ஷிப்டுப் பதிவைப்போல, தேதி போட்டு எழுதிவைத்தாய்.

2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உனக்கும் எனக்கும் ஐந்து செகண்ட் வித்தியாசம் வந்தது. அடுத்த வாரம் ஆறு. "ஏலே, உண்மையிலேயே அதுவர கேட்டியா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ சிரிக்கவில்லை. "கம்பெனியில வருசாவருசம் மெடிக்கல் உண்டு. காது போச்சுன்னா டவர்ல ஏற விடமாட்டானுவ" என்றாய். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவ்வளவு உயரத்தில் இடுப்புப் பட்டையை நம்பித் தொங்குகிறவன், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பயந்துபோயிருந்தாய்.

அடுத்த ஞாயிறு நான் கண்ணை முழுவதுமாக மூடவில்லை. இமையிடுக்கில் உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் விரல் எழுந்தது. எனக்கு வீணை இன்னும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று என்று மனதுக்குள் எண்ணி, என் விரலைத் தூக்கினேன்.

செலின் இரண்டு எண்களையும் சொன்னாள். நீ மூச்சு விட்டாய். "அப்பம் எனக்கில்லடே. பெட்டிக்குத்தான் என்னமோ" என்றாய்.

வயதானால் எல்லோருக்கும் காது கொஞ்சம் மந்தமாகும், அதற்கு ஒரு மனிதனைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். இரண்டு பேர் சொல்லாமல் எதையும் எழுதக்கூடாது என்று அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறவன் நான். உன் விஷயத்தில் அந்த இரண்டாவது ஆள் நான் ஒருவன்தான். "உன் கை பொய் சொல்லாது, நீ ரிப்போர்ட்டர்லா" என்று அடிக்கடி சொல்வாய்.

பிறகு ஒரு நாள் கேட்டாய்: "பாட்டு ஓடாத நேரத்துலயும் ஒரு இரைச்சல் இருக்கு பாத்தியா? மெலிசா, நீளமா. அதுதான் வீணையோட வால மூடுகு. உனக்குக் கேக்கா?"

அறையில் எந்த இரைச்சலும் இல்லை.

"ஆமா, லேசா கேக்குது" என்றேன்.

இதற்குப் பிறகு நீ செய்ததையெல்லாம் நான் கூட நின்று பார்த்தேன். பெட்டியைச் சென்னைக்கு அனுப்பினாய். குறை ஒன்றும் இல்லை என்று சீட்டோடு திரும்பி வந்தது. அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்றாய். வயரை மாற்றினாய். ஊர் முழுக்கக் காற்றாலை, அதன் மின்சாரத்தில்தான் அழுக்கு வருகிறது என்றாய். பெட்டிக்கென்று தனியாக எர்த் போட முடிவு செய்து, கொல்லையில் ஆளுயரத்துக்குக் குழி தோண்டினாய். நான் மண் அள்ளினேன். தாமிரத் தகட்டை இறக்கி, கரியும் உப்புமாய் மாறிமாறிக் கொட்டினோம். செலின் எட்டிப் பார்த்து, "கருவாடு போடுகியளா?" என்றாள். வேலை முடிந்து உள்ளே போய், பெட்டியைப் போட்டு, காதைச் சாய்த்து நின்றாய். "கொறஞ்சிருக்கு, இல்லியா?" என்றாய். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றேன். இல்லாத இரைச்சல் குறைந்துவிட்டது என்று சாட்சி சொன்னேன்.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. கம்பெனி மெடிக்கலில் காதைப் பற்றிக் கேட்டதற்கும் குறை ஒன்றும் இல்லை என்றே எழுதிக்கொடுத்தாய். ஒரு நாள் கோபுர ஏணியின் முதல் தட்டிலேயே உனக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, பட்டை மாட்டியிருந்தாய். இறக்கி, நேராகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். வலது காது நரம்பில் கட்டி. உன் இரைச்சல் அங்கிருந்துதான் வந்தது. இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும் என்று மருத்துவர் செலினிடமும் என்னிடமும் சொன்னார். செலின் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அறுவைக்கு முந்தின மாலை உன் கட்டிலருகே இருந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"மக்கா, ஒண்ணும் அறியாத பெட்டியப் போட்டுக் கொற சொல்லிட்டேன்லா."

"விடுடே."

"அதில்லடே." என் மணிக்கட்டைப் பிடித்தாய். "உனக்கும் அந்த இரைச்சல் கேட்டுதே. உனக்கும் விரல் சீக்கிரம்தான் பொங்கிச்சு. நீயும் காது பாத்திரணும். என்ன மாதிரி விட்டுராத. டாக்டர்ட்ட நான் சொல்லி வைக்கட்டா?"

மறுநாள் உன் தலையைத் திறக்கப்போகிறார்கள். நீ எனக்காகப் பயந்துகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

"பாக்கேன்" என்றேன்.

"சத்தியமா?"

"பாக்கேன்டே."

நீ அதற்குப்பின் கண் விழிக்கவில்லை. நான்காம் நாள் காலையில் போய்விட்டாய்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் செலின் பெட்டியைத் துணியில் சுற்றி என் காரில் வைக்கச் சொன்னாள். "இத இங்கண வச்சுப் பாக்க முடியாது அண்ணே. நீங்க கொண்டு போங்கோ" என்றாள். கார்க் கதவை மூடப்போனவன் கையைத் தடுத்தாள். "நீங்க கண்ணத் தொறந்து வச்சிருந்தத நான் பாத்தேன். அன்னைக்கே பாத்தேன். அவரு முகம் தெளிஞ்சத பாத்துட்டு நானும் வாயத் தொறக்கல்ல. உங்கள மட்டும் சொல்லதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். அதன்பின் நாங்கள் இருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. அவளும் இந்த ஏழு வருடமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டுதான் இருக்கிறாள்.

பெட்டியை நான் நன்றாகவே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறேன். வீணைத் தட்டையும் போடுவேன். ஆனால் கடைசி மீட்டு வருவதற்குமுன் ரிமோட்டில் நிறுத்திவிடுவேன். ஏழு வருடத்தில் ஒரு முறைகூட அதை ஓடவிட்டதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு ரிமோட் சோபாவின் இடுக்கில் விழுந்துவிட்டது. நான் துழாவிக்கொண்டிருக்கும்போதே மீட்டு வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கேட்டேன். சீக்கிரம் முடிந்தது. மிகவும் சீக்கிரம். அது முடிந்த இடத்தில் நிசப்தம் இல்லை. மெல்லியதாக, நீளமாக ஓர் இரைச்சல் இருந்தது.

பெட்டியை அணைத்தேன். இரைச்சல் இருந்தது. ஃபிரிட்ஜை அணைத்தேன். கடைசியில் வாசலுக்குப் போய் மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீடு முழுவதும் நின்றுபோனது. நட்டநடுப் பகலில் மீட்டர் பெட்டியின் முன்னால் நின்றேன். இரைச்சல் நிற்கவில்லை.

சமையலறையிலிருந்து என் மனைவி, "கரண்டு போச்சா?" என்று கேட்டாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. மெயினை மறுபடி ஏற்றி, அந்தக் கடைசி மீட்டைத் திரும்பப் போட்டு, என் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டேன். சத்தம் போனதும் விரலைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தேன். "உனக்கு?" என்றேன்.

"பொறுங்க" என்றாள். "எனக்கு இன்னும் கேக்கு."

நான் செகண்டுகளை எண்ணினேன். ஒன்பது வந்தபிறகுதான் "இப்பம் போச்சு" என்றாள். அப்புறம், "அந்த இரைச்சல் கேக்குதா?" என்று கேட்டேன்.

"எந்த இரைச்சல்?" என்றாள். துண்டை அவிழ்த்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது. "ஒண்ணும் கேக்கல்லியே. என்ன ஆச்சு உங்களுக்கு? நாளைக்கே போணும்" என்றாள். அவள் சொன்னதுபோல ஒரு வார்த்தை உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியும் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பயம்தான். ஏதாவது ஒரு வேலை, ஏதாவது ஒரு கூட்டம் என்று காரணம் சொன்னேன். அவள் விடவில்லை. சனிக்கிழமை பரிசோதனை. இன்று காலை ஸ்கேன். அந்தக் குழாய்க்குள் அசையாமல் கிடந்தபோது இயந்திரம் சம்மட்டிபோல் அடித்தது. அதற்கு நடுவிலும் என் இரைச்சல் எனக்குத் தனியாகக் கேட்டது.

மருத்துவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே குறித்துக்கொண்டேன்: ஒரு பக்கம் மட்டும் கேட்பது குறையப் பல காரணங்கள் உண்டு; அவற்றில் பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல; படம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. எனக்கு ஆறுதலாக நான் எதையும் சேர்க்கவில்லை. எப்போதிலிருந்து இரைச்சல் என்று அவர் கேட்டார். மூன்று வாரம் முன்பு கண்டுபிடித்தேன், எப்போது தொடங்கியதென்று தெரியாது, ஏழு வருடமாக அந்த இடத்தைக் கேட்பதைத் தவிர்த்துவந்தேன் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. உனக்குப் புரியும்.

உன்னிடம் "பாக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்த வார்த்தை இத்தனை காலம் என்னிடமே கிடந்தது. இன்றைக்குப் பார்த்துவிட்டேன். நான் அன்று பொய் சொன்னேன் என்பதையும் இதோ எழுதிவிட்டேன். வாசித்துவிட்டு நீ என்ன சொல்வாய் என்று தெரியாது. அதை இனி யாரிடமும் கேட்டு உறுதிசெய்ய முடியாது.

ஸ்கேன் முடிவு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் தருவார்கள். இன்று திங்கள்.