பத்து மணிக்கு மந்தமாகும் கணினி

மார்ச் 4, புதன்

ஸ்டூடியோவில் எனக்கும் மச்சானுக்கும் ஆளுக்கொரு கணினி. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. அதே கிராபிக்ஸ் கார்டு, அதே மெமரி, பெட்டியின் கறுப்பு நிறம்கூட அதே. இன்று ஒரே படத்தை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். இருட்டில் எடுத்து, புள்ளி புள்ளியாக வந்த படம். ஏ.ஐ. அதைச் சுத்தம் செய்து தர வேண்டும். அவனுடையதில் நான் டீயை இரண்டு வாய் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. என்னுடையதில்? டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் பாதிகூட ஆகவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. ஏழு வருடக் கூட்டு. நல்லவன். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் எழுதி வைக்கிறேன். காலையில் நான் முதலில் வந்து கடை திறக்கும்போது என் கணினி பறக்கிறது. பத்து மணிக்கு மச்சான் வருகிறான். அதற்கப்புறம் மந்தம். தினமும் இதே கதைதான்.

மார்ச் 5, வியாழன்

நெட் வயரைப் பிடுங்கிவிட்டு வேலை பார்த்தேன். வயர் வழியாக ஏதாவது செய்கிறானோ என்று ஒரு எண்ணம். அப்படியும் பத்து மணிக்குப் படுத்துவிட்டது. கெட்டிக்காரன்தான்.

மார்ச் 6, வெள்ளி

என் கணினிப் பெட்டியை வாங்கிய நாளிலிருந்தே மேசையோரத்தில் இருக்கும் இடுப்பளவு மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். காலையில் ஆன் செய்ததும் பூட்டிவிடுவேன். சாவி என்னிடம். திறந்து கிடந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் பென் டிரைவைச் செருகுவான். மச்சான் தன்னுடையதை ஜன்னலோர மேசைமேல் அப்படியே வைத்திருக்கிறான். அவன் சுபாவம் அது.

இன்று என்னிடம் சொல்கிறான்: "ஏன் மாமா அதப் போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்க? திறந்து விடுங்க, கொஞ்சம் காத்தாடட்டும்."

காற்றாட வேண்டுமாம்! நான் பூட்டி வைத்தால் இவனுக்கு எங்கே வலிக்கிறது? அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அலமாரியின் பின்பக்கம் வயர் வருகிற ஓட்டையையும் சுற்றி டேப் ஒட்டி அடைத்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

இன்று இன்னும் மோசம். டேப் ஒட்டியது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மார்ச் 9, திங்கள்

கணினி விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சார், ஏ.ஐ. எடிட்டிங்ல முக்காவாசி வேலைய கிராபிக்ஸ் கார்டுதான் பாக்குது. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கார்டுதான் போட்டுக் குடுத்தேன்" என்று சத்தியம் செய்யாத குறை.

"ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் கார்டை மாத்த முடியுமா?" என்று கேட்டேன்.

"ஸ்க்ரூ டிரைவர் இருந்தா யார் வேணாலும் மாத்தலாம் சார். ஏன் கேக்கறீங்க?"

சும்மாதான் என்று வைத்துவிட்டேன். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மனைவியின் நகப்பூச்சை எடுத்துவந்து பெட்டியின் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் ஒரு சொட்டு வைத்தேன். கழற்றினால் பூச்சு விரிசல் விடும். சாயங்காலம் பாட்டிலைப் பார்த்துவிட்டு இவள் கேட்கிறாள்: "நானே ஆசைக்கு ரெண்டு தடவதான் போட்டேன். உங்க பெட்டிக்கு என்ன, பொண்ணு பாக்க வராங்களா?" பிறகு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. "என் தம்பி மேலயா? உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகங்க."

மார்ச் 11, புதன்

பூச்சு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் முன்பே மாற்றிவிட்டான்.

ஸ்டூடியோப் பூனை இத்தனை நாள் மச்சான் மடியில்தான் தூங்கும். ஒரு வாரமாக என் அலமாரி மேலேயே கிடக்கிறது. காவலுக்கு ஒரு ஜீவனாவது என் பக்கம் இருக்கிறதே.

மார்ச் 13, வெள்ளி

பெரிய வேலை. இரவு வாலிபால் போட்டி நடத்துகிறவர் வந்தார், நாங்கள் 'விசில்' என்று கூப்பிடுகிறவர். விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படங்கள், எல்லாமே புள்ளி மயம். வியாழக்கிழமைக்குள் சுத்தம் செய்து கொடுத்தால் இனி அவர் நடத்தும் எல்லாப் போட்டிக்கும் நாங்கள்தானாம். பாதி எனக்கு, பாதி மச்சானுக்கு.

மார்ச் 15, ஞாயிறு

மச்சான் தன் பங்கை முடித்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "மிச்சத்தக் குடுங்க மாமா, நானே போட்டுடறேன்" என்றான். விசில் முன்னால் நல்ல பேர் வாங்க வேண்டுமே!

"படம் வேண்டாம். பெட்டிய மாத்திக்குவோம்" என்றேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், மாறுகிறதா என்று.

"எடுத்துக்கங்க மாமா" என்று அவனே தூக்கிவந்து கொடுத்தான். ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. ஏன் இல்லை? வாங்கிய கையோடு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

காலையில் பறந்தது. அடடா, இதுதான் என் கார்டு என்று நினைத்தேன். பத்து மணிக்கு அவன் வந்தான். படுத்துவிட்டது.

ஜன்னலோரத்தில் என் பழைய பெட்டி — நான் பத்து நாளாகக் கட்டி இழுத்த அதே பெட்டி — அவன் கையில் குதிரையாக ஓடுகிறது!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. வேலை எவ்வளவு தூரம் என்று பார்க்க விசில் வந்திருந்தார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். "ராத்திரியோட ராத்திரியா கார்டை மறுபடி மாத்திட்டியாடா? கூடவே இருந்து குழி பறிக்கிறியே, திருட்டுப் பயலே!"

மச்சான் கேமரா பையை எடுத்துத் தோளில் மாட்டினான். கடைச் சாவியைக் கழற்றி என் மேசைமேல் வைத்தான்.

"இதையும் உள்ள வச்சுப் பூட்டிக்கங்க மாமா."

மார்ச் 17, செவ்வாய்

மச்சான் வரவில்லை. இவள் என்னோடு பேசவில்லை.

பத்து மணிக்குக் கணினி மந்தமாகிவிட்டது.

— இப்போது யார்?

மார்ச் 18, புதன்

மத்தியானம் இவள் சாப்பாட்டுடன் வந்தாள். பேச்சு இல்லை. டிபன் பாக்ஸை வைக்க இடம் தேடி, அலமாரி மேலிருந்த பூனையைத் தள்ளிவிட்டாள். தள்ளிய கையை அப்படியே பலகைமேல் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது என்ன இப்படிக் கொதிக்குது? காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி?"

பூட்டைத் திறந்தேன். முகத்தில் அனல் அடித்தது. பெட்டியைத் தொட முடியவில்லை. கடைக்காரருக்கு அவளே போன் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"சூடு ஏறினா கார்டு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும் சார். காலைல ஆறிக் கிடக்கும்போது நல்லா ஓடும், போகப் போகப் படுத்துக்கும். நீங்க பெட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

போனை வைத்தேன். டேப்பைப் பிய்த்தேன், கதவுகளை விரியத் திறந்தேன், ஃபேனைத் திருப்பி வைத்தேன். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் படங்கள் சரசரவென்று விழ ஆரம்பித்துவிட்டன. நான் வருவது ஒன்பதுக்கு. அது சூடேற ஒரு மணி நேரம். அவன் வருவது பத்துக்கு. இவ்வளவுதானா? இதற்காகவா அவனை அந்த வார்த்தை சொன்னேன்?

"தன் வினை தன்னைச் சுடும்னு சொல்வாங்க. நீங்க என் தம்பியச் சுட்டுட்டீங்க" என்றாள். அழுதாள்.

மார்ச் 20, வெள்ளி

விசிலுக்கு நேற்றே படங்களைக் கொடுத்தாயிற்று. திருட்டு எதுவும் நடக்கவில்லை, தப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். சரி சரி என்றார். அவர் எதை நம்பினாரோ.

இன்று மச்சான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "என் தப்புடா. மன்னிச்சுடு. சூட்டுல படுத்திருக்கு, நான் உன்னைப் போய்..."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே மாமா, காத்தாடட்டும்னு."

உள்ளே வரச் சொல்லி தண்ணீர் கொடுத்தான். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னான்.

மார்ச் 22, ஞாயிறு

அலமாரியின் இரண்டு கதவுகளையும் கீலோடு கழற்றிவிட்டேன். பூட்டைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

ஏப்ரல் 6, திங்கள்

மச்சான் வந்து இரண்டு வாரம் ஆகிறது. முகம் சுளிக்காமல் வேலை பார்க்கிறான். மாமா என்றுதான் கூப்பிடுகிறான். இரண்டு கணினியும் ஒரே வேகம், யாருக்கு எது என்றுகூட இப்போது கணக்கில்லை. பூனை மறுபடி அவன் மடிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தேன். தன் மெமரி கார்டுகளை எண்ணி மேசை டிராயருக்குள் வைத்தான். ஏழு வருடமாக அவை மேசைமேல் ஒரு தட்டில்தான் கிடக்கும். டிராயரில் புதுப் பூட்டு. பூட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வரேன் மாமா" என்றான்.

"சரிப்பா" என்றேன்.