சாலைக்கு அந்தப் பக்கம் பாடம்

1977, ஆகஸ்ட் 9, செவ்வாய் இரவு

பத்திரிகைக்குச் செய்தி தேடி எல்லைக்குப் போன இடத்தில், பேச்சுப் பயிற்சி தரும் சாரதா டீச்சரை இன்று பார்த்தேன். தமிழ்நாட்டில் அவர் வாங்கிய அனுமதி புதுச்சேரியில் செல்லாது என்று இங்குள்ள அரசு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இங்கே கேட்ட அனுமதி இன்னும் வரவில்லை. காது சரியாகக் கேட்காத பிள்ளைகள் அதுவரை காத்திருக்க முடியுமா? எல்லைச் சாலையைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடையில் பாடம் வைத்துவிட்டார்.

மில் தொழிலாளி கஸ்தூரி, மகள் செல்வியோடு சாலையைக் கடந்து வந்தாள். கடைக்காரர் சிரித்தார்.

"இங்க மதுவிலக்குன்னு சரக்கடிக்க ஊரே உங்க பாண்டிச்சேரி பக்கம் ஓடுது. நீ என்னாடான்னா பேசறதுக்கு எங்க பக்கம் வர்றியேம்மா!"

செல்வியின் உதட்டுக்கு முன்னால் டீச்சர் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். 'ப' சரியாக வந்தால் காகிதம் ஆடும். பலமுறை ஆடவில்லை. பிறகு ஆடியது.

"பாப்பா" என்றாள் செல்வி.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பேப்பர்ல போட்டுடாதீங்க சார். ஆபீசுல கோவிச்சிக்குவாங்க. வர்ற அனுமதியும் வராம போய்டும்."

அருமையான செய்தி. ஆனாலும் அனுமதி வந்த பிறகே எழுதுவேன். எல்லையில் இன்று செய்தி ஒன்றும் இல்லை என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை.