தெரியாது என்று சொன்ன கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே தலைமை அலுவலகத்தில் ஒன்று நடந்தது, பதறாதே. எங்கள் கம்பெனியின் சாய ஆலை கிணறுகளைக் கெடுத்ததாக நீயும் நம் தெருப் பெண்களும் எழுதிய மனு, இதே புகார் சொன்ன இன்னும் ஒன்பது நாட்டுப் பெண்களின் மனுக்களோடு ஒரே கட்டாக வந்தது. தபால் பிரிப்பவள் நான்தானே. முதல் கையெழுத்து உன்னுடையது.

"ஒத்தை மனுன்னா ஓரமா வச்சிருக்கலாம். பத்து நாடு சேர்ந்துட்டாங்களே! உங்க ஊர்க்காரங்களாச்சே, தெரியுமா?" என்றார் மேலாளர்.

"தெரியாதுங்க" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

மறுநாள் போய், "அந்த மொத கையெழுத்து எங்கம்மாவோடது சார்" என்றேன். மனுக்கள் விசாரணைக்குப் போயின, நான் கிடங்குக்கு.

கிடங்கில் குளிர். உன் போர்வையை அனுப்பு, துவைக்காமல்.

சரக்கு வண்டி வந்துவிட்டது. அந்த ஒரு நாளை மன்னித்துவிடு.

உன் மகள்