பின்னறைத் தரைக்குக் கீழே கிடக்கும் மண்

எவ்வளவு ஏசினாலும் சிரித்துக்கொண்டே நிற்கும் என் சிவம் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. உன் மகள் தாரணிக்கு இது ஏழாம் மாதம். தாயும் இல்லாத பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு அத்தை வீட்டுக்குத்தானே வரவேண்டும்? வந்துவிட்டாள். நம் லயத்து வீட்டுக்குப் பின்னால் நீ ஒட்டிக் கட்டிய அறையில்தான் படுக்கிறாள். இந்தச் சந்தோஷத்தை மட்டும் எழுதி முடிக்கத்தான் ஆசை. ஆனால் அந்த அறையின் தரைமேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என் குணம் உனக்குத் தெரியும். மீன்காரரின் தராசைத் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். டிஸ்பென்சரியில் கொடுக்கிற மாத்திரையையும் நாலு தடவை திருப்பிப் பார்ப்பேன். "ஒனக்கு ஒன் நெழல் மேலயே சந்தேகம்" என்று நீ கிண்டல் பண்ணுவாய்.

முந்தாநாள் நிரோஷா என்றொரு பிள்ளை தோட்டத்துக்கு வந்தாள். பசறைப் பக்கத்துப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பாஸ்பேட் சுரங்கங்களைச் சுற்றியுள்ள மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம். அந்தப் பாஸ்பேட்டை உரமாகப் போடும் தேயிலை மலையில் எவ்வளவு என்று அளந்து பார்த்தாள். "இங்க ஒன்னும் வித்தியாசம் தெரியலக்கா" என்றாள். நான் நம்புவேனா? யார் அனுப்பினது, தோட்டத்துத் தொரை சொல்லிக் கொடுத்தாரா என்று குடைந்தெடுத்தேன்.

கடைசியில்தான் வாயில் வந்தது. "எங்க அண்ணன் பாஸ்பேட் சுரங்கத்துல மூட்ட கட்டுற வேல செஞ்சவரு. பின்னறைத் தரைக்குக் கீழ அந்த மண்ணுதான் கெடக்கு." அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கருவியைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள்.

"கூடத்தான் காட்டுதுக்கா. ஆனா இத மட்டும் வச்சி ஆபத்துன்னு சொல்ல ஏலாது."

"எங்க அண்ணன் நெஞ்சு நோவுல செத்தாரே?"

"இதாலதான்னு யாராலயும் சொல்ல ஏலாதுக்கா. அவரு பீடி குடிப்பாரா?"

நீ குடிப்பாய்தானே. எதற்கு அதைக் கேட்டாள்? அந்தக் கேள்விமேலும் எனக்குச் சந்தேகம்.

அந்த மண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, வாடையில்லாத ஒரு வாயு கசியுமாம். அடைத்துக் கிடக்கும் அறையில் அது தேங்கி, வருஷக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலுக்குக் கெடுதலாம். அளப்பதற்குச் சின்னப் பெட்டி ஒன்றை மூன்று மாதம் தொங்கவிட வேண்டுமாம். தாரணிக்கு மூன்று மாதம் ஏது? "இப்பவே ஒடைச்சிரவா?" என்றேன். "ஐயோ, வேணாங்க்கா, தூசி கெளம்பும். புள்ள பொறக்கிற வரைக்கும் அந்த அறையில யாரும் படுக்காதீங்க" என்றாள்.

நிரோஷா சொன்னதைச் சொல்லி, முன் காம்பரா அறையில் என் பக்கத்தில் படு என்று தாரணியைக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. "அப்பா எனக்காகக் கட்டுன ரூம் அத்த. எங்கப்பா எனக்கு வெசத்தையா கொண்டாந்து போட்டாரு?" என்று அழுதாள். பாவி நான், ஒரு நாள் முழுக்க உண்மையை மறைத்தேன். அவள் உன்மேல் சந்தேகப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சரிவில் அறை கட்ட, தரையை உயர்த்த மண் வேண்டியிருந்தது. தேயிலை மலையில் ஒரு கூடை வெட்டினாலும் காவலுக்கு இருக்கும் வாச்சர் வந்து நிற்பார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு கூடை மண் சொந்தமில்லை. அதனால்தான், நீ உர லொறியில் ஏறி வீட்டுக்கு வரும்போதெல்லாம், அங்கே சிந்திக் கிடப்பதை மூட்டை கட்டிக் கொண்டா என்று உன்னை நச்சரித்தேன்.

நீ தயங்கினாய். "அங்க மூக்கக் கட்டிக்கிட்டுத்தான் வேல செய்யச் சொல்றாங்க தங்கச்சி. வீட்டுக்கு வேணாமே."

"தேயிலைக்குப் போடுறதுதான? மனுசனையா திங்கும்?" என்று நான் சிரித்தேன். மாத்திரையைத் திருப்பிப் பார்க்கிறவள், அன்றைக்கு மட்டும் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை. ஓசியில் கிடைத்த மண் என் கண்ணை மறைத்துவிட்டது.

இன்று மத்தியானம் இதையெல்லாம் தாரணியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு முன் காம்பராவுக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். வந்தாளே, எனக்கு அது போதும்.

நிரோஷா கொடுத்த பெட்டி பின்னறையில் தொங்குகிறது. அது என்ன சொன்னாலும் ஒரு எழுத்தைக்கூட மறைக்காமல் உன் மகளுக்குச் சொல்வேன். உன் பேரப்பிள்ளையை அந்தத் தரையில் கிடத்தமாட்டேன். அந்தப் பிள்ளை வளர்ந்து, இந்த மண்ணை யார் கொண்டுவந்தது என்று ஒருநாள் கேட்டால், உன் பெயருக்கு முன்னால் என் பெயரைச் சொல்வேன்.

வேணாமே என்று நீ சொன்னதைக் கேட்காத உன் தங்கச்சி,
பவளம்