மற்றொருவரும் நிற்கிறார்

பலேர்மோ, இத்தாலி,
11.12.1997, வியாழக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

கேசிகா எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், எனக்குப் பிடிக்காத இடங்களையும் விடாமல் இந்தக் கடிதத்தில் உண்மையாக எழுதப் போகிறேன். நீங்களும் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்.

உங்கள் கடிதம் போன கிழமை கிடைத்தது. கொழும்பு லொட்ஜில் இரவு வேளைகளில் பொலிஸ் வந்து பதிவு பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கவனமாக இருங்கள். இருமலுக்கு மருந்து எடுத்தீர்களா என்று எழுதவில்லை. அம்மா உங்களுக்காகப் போட்ட விசா விண்ணப்பம் இன்னும் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில்தான் இருக்கிறது. தை மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் சங்கத் தலைவர் கோபாலசிங்கம் மாமாவின் மச்சான் கொழும்பில் உங்களைச் சந்தித்து, அம்மா ஆம்பிளைகளோடு மேடையில் ஏறித் திரிகிறார், பிள்ளையைக் கவனிப்பதில்லை என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் இங்கிருந்து புறப்பட்டது ஐப்பசியில். அம்மா நின்ற சங்கத் தேர்தல் நடந்தது கார்த்திகைக் கடைசியில். பாதிக் கதையைத்தான் அவர் கொண்டுவந்தார்.

முதலில் வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டோடு நின்று வேலை செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பல்லரோச் சந்தைப் பக்கம் அம்பிகை சித்தி வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு லீவு வியாழன் பின்னேரமும், ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்த பிறகும்தான். சித்தி வீட்டில் ஒரே அறை. சித்தப்பா இரவு வேலை முடித்துப் பகலில் நித்திரை கொள்வார். அதனால் நானும் அம்மாவும் கடற்கரைப் பக்கத்துப் பூங்காவில் ஒரு வாங்கில் இருப்போம். மழை என்றால் ரயில் நிலையம். நான் வீட்டுப்பாடம் செய்வேன், அம்மா என் தலைமுடியைப் பின்னிவிடுவார். எங்களைப் போலவே வேறும் நிறையத் தமிழ்ப் பெண்கள் அங்கே இருப்பார்கள். காவலாளி வந்து எந்த ரயிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் எழும்பி மற்ற வாசலால் உள்ளே வருவோம். இதை நான் உங்களுக்கு முன்பு எழுதவில்லை. அம்மா எழுத வேண்டாம் என்றார்.

கால்சாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. கதிரைகள், அடுப்பு, ஒரு சூடாக்கி எல்லாம் உண்டு. வியாழக்கிழமையில் பூட்டியே கிடக்கும். திறப்பு தலைவர் கோபாலசிங்கம் மாமாவிடம். அம்மா போன மாரியில் அவரிடம் போய், வியாழன் பின்னேரத்தில் மட்டும் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். சும்மா குந்தியிருந்து கதைக்கிறதுக்கு மண்டபமோ தங்கச்சி, கறண்ட் காசு ஆர் கட்டுறது என்று அவர் கேட்டாராம்.  இந்த வருடம் தலைவர் தேர்தலுக்குப் பெயர் கேட்டபோது, அம்மா தன் பெயரைக் கொடுத்துவிட்டார்.

எங்கள் சங்கத்தில் இரண்டு பேருக்கு மேல் நின்றால் முதலில் ஒரு சுற்று வைத்து இரண்டு பேரைத் தெரிவுசெய்வார்கள். கடைசிச் சுற்று தைப்பொங்கலுக்குப் பிறகு. ஆனந்தராசா மாமா ஞாயிறு காலையில் இங்குள்ள ஒரு தனியார் வானொலியில் ஒரு மணி நேரத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறார். பிரான்ஸ் ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதும் இப்படித்தான், நாங்கள் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். பிறகு ‘தேர்தல் களம்’ என்று ஒரு பகுதி தொடங்கினார். கோபாலசிங்கம் மாமாவின் செவ்வி கால் மணி நேரம். மாதா கோயில் பாடற்குழு றோபேட் மாமாவின் செவ்வி கால் மணி நேரம், அதில் ஒரு பாட்டும். கடைசியில் கள நிலவரம் வாசிப்பார்: “திரு. கோபாலசிங்கத்துக்கும் திரு. றோபேட்டுக்கும் இடையே கடும் போட்டி நிலவுகிறது. மற்றொருவரும் நிற்கிறார்.”

அவ்வளவுதான். நான்கு ஞாயிறும் அதே வசனம். நான் ஆனந்தராசா மாமாவிடம் போய் அம்மாவையும் பேட்டி எடுக்கும்படி கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. பத்து வாக்கு விழுமோ தெரியாத ஆளுக்கு நேரம் ஒதுக்கினா மற்ற ரெண்டு பேரும் என்னைச் சும்மா விடுவினமோ பிள்ளை என்றார். பூங்காவில் இருந்த பெண்களுக்கு இது பெரிய பகிடியாகப் போய்விட்டது. அம்மா வருவதைக் கண்டால், “இஞ்சை பாருங்கோ, மற்றொருவர் வாறா, எழும்பி நில்லுங்கோ” என்பார்கள். அம்மாவும் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் பகிடி பண்ணினார்களே தவிர, அவர்களால் வாக்குப் போட முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். வாக்களிப்பு ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை. இங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு பெரிய சாப்பாடு. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வந்து மேசையில் இருந்தால் நான்கு மணிக்கு முன் எழும்ப மாட்டார்கள். வீட்டோடு நிற்கும் பெண்கள் எப்படி வருவது? ஆறு மணிவரை நீட்டும்படி அம்மா செயற்குழுவிடம் கேட்டார். எத்தனையோ வருடமாக மூன்று மணிதான், அதை மாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். சிஞ்ஞோராக்களிடம் தமிழ்த் தேர்தல் என்று லீவு கேட்கலாம்தானே என்று நான் சொன்னேன். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். நாங்கள் சொன்னால் அவர்கள் நம்பமாட்டார்கள், ஏதோ சாட்டுச் சொல்லிச் சுற்றப் போகிறோம் என்று நினைப்பார்கள் என்றார்.

தேர்தலுக்கு முதல் ஞாயிறு மண்டபத்தில் மூன்று பேரும் பேசும் கூட்டம். இந்த நகரத்துப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு நிருபர் படம் பிடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு இத்தாலியன் நன்றாக வரும் என்று என்னை மொழிபெயர்க்க விட்டார்கள். நான் மிகவும் கவனமாகச் செய்தேன். அம்மா நான்கரைக்குத்தான் ஓடி ஓடி வந்தார். மேடையில் றோபேட் மாமா பேசிக்கொண்டிருந்தார். தன் முறை வரும்வரை சும்மா நிற்காமல், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அம்மாவும் கைகொடுத்தார். அப்போதுதான் படம் எடுத்தார்கள். அந்தப் பெண்ணும் தலைவர் பதவிக்கு நிற்கிறார், அவர் என் அம்மா என்று நிருபரிடம் இரண்டு தரம் சொன்னேன். அவர் நல்லது, நல்லது என்று சொல்லி எழுதிக்கொண்டார். அம்மா பேச எழும்பியபோது அவர்கள் போய்விட்டார்கள்.

அம்மா என்ன பேசினார் என்று உங்களிடம் அந்த மச்சானால் சொல்லியிருக்க முடியாது. அவர் அப்போது இங்கே இல்லை. நானே சொல்கிறேன். மேடையில் ஏறவில்லை, கீழே நின்றுதான் பேசினார். “எனக்குப் பேசத் தெரியாது. வியாழக்கிழமையில இந்தக் கதவு திறந்திருக்க வேணும். அதுக்காகத்தான் நிக்கிறன்.” அதற்குள் முடிந்துவிட்டது. சிலர் கைதட்ட மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை பத்திரிகை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிப் படித்தேன். தலைப்பில் இரண்டு ஆண்களின் மோதல் என்று போட்டிருந்தது. அம்மாவின் படம்தான் எல்லாவற்றிலும் பெரியது. கீழே எழுதியிருந்தது இதுதான்: ‘தேர்தல் பரபரப்பின் நடுவே தேநீர் பரிமாறும் ஒரு தமிழ்ப் பெண்.’ வகுப்பில் கணக்குப் பாடம் முழுக்க நான் அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வியாழன். ரயில் நிலையத்தில் அம்மாவிடம் அதைக் காட்டினேன். அம்மா நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டு, சேலை மடிப்பு வடிவாக விழுந்திருக்கிறது என்றார். பிறகு முழுவதையும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். கடைசி வரியில், ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை நகரத்துத் தமிழர் எல்லோரும் கால்சாவில் வாக்களிப்பார்கள் என்று இருந்தது. அதை அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார்.

“எல்லாரும் எண்டு போட்டிருக்கோ? மூண்டு மணி எண்டும்?”

ஓம் என்றேன். அம்மா எழும்பி, நிலையத்துக் கடைகளில் நேற்றைய பத்திரிகை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு, கிடைத்ததை எல்லாம் வாங்கிவந்தார். வாங்குகளில் இருந்த பெண்களுக்கு நாங்கள் வெட்டி வெட்டிக் கொடுத்தோம். நாங்கள் சொன்னால்தான் சிஞ்ஞோராக்கள் நம்பமாட்டார்கள், அவர்களுடைய பத்திரிகையே சொன்னால் நம்புவார்கள்தானே என்றார் அம்மா.

மாக்கிரட் அன்ரி ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி வீட்டில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை காலைக் கோப்பிக்குப் பக்கத்தில் அந்தத் துண்டை வைத்துவிட்டு நின்றாராம். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, உங்களுக்குத் தேர்தல்கூட உண்டா, ஏன் முன்பே சொல்லவில்லை, ஞாயிறு நாங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போய் மீன் சாப்பிடுகிறோம், நீ போய் வாக்குப் போடு என்றாராம். எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. விடமாட்டேன் என்ற வீடுகளும் உண்டு. எங்கள் சிஞ்ஞோரா படத்தில் அம்மாவைக் கண்டு தன் தங்கைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாராம். பிறகு, அங்கேயும் நீதான் தேநீர் ஊற்றுகிறாயா என்று கேட்டாராம். “தேத்தண்ணியும் ஊத்துறன், சிஞ்ஞோரா” என்று அம்மா சொன்னாராம். 

தேர்தலன்று காலையிலும் வானொலி மற்றொருவரும் நிற்கிறார் என்றுதான் சொன்னது. ஒரு மணிவரைக்கும் வந்தவர்கள் அநேகமாக ஆண்கள். அவர்கள் வாக்குப் போட்டுவிட்டு வாசலில் நின்று ஆர் முதலாவது ஆர் இரண்டாவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பேருந்துத் தரிப்பிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மழை தூறியது. இரண்டு மணிக்குப் பிறகு ஒரு பேருந்திலிருந்து மாக்கிரட் அன்ரியும் இன்னும் நான்கைந்து பேரும் இறங்கினார்கள். அடுத்ததில் இன்னும் கொஞ்சப் பேர். ஒருவர் கோட்டுக்குள் வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். அவரிடமிருந்து பொரித்த கத்தரிக்காய் மணத்தது. பிறகு வரிசை படியால் இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டது.

மூன்று மணிக்கு ஒருவர் கதவைப் பூட்டச் சொன்னார். தேர்தல் அதிகாரியாக இருந்தவர் அருளையா என்ற கோயில் மூப்பர். வாசலுக்குள் நிற்கிறவர்கள் எல்லோரும் போடலாம் என்று அவர் சொன்னதுதான் தாமதம், தெருவில் நின்ற பெண்கள் எல்லோரும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. அருளையா ஐயா சிரித்துக்கொண்டு தானே போய்க் கதவைச் சாத்தினார்.

அம்மா மூன்று மணிக்குச் சில நிமிடம் முந்தித்தான் வந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, சாப்பாட்டுக்கு நடுவிலேயே முதல் சுற்றுக் கோப்பைகளை ஊறவைத்துவிட்டு ஓடிவந்திருந்தார்.

கோபாலசிங்கம் மாமா முதலாவது. அம்மா இரண்டாவது, றோபேட் மாமாவை விட ஏழு வாக்கு அதிகம்.  முடிவை வாசித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ “மற்றொருவர்!” என்று கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். றோபேட் மாமா அம்மாவிடம் வந்து, “என்ர மனுசியே எனக்குப் போடேல்லை அக்கா” என்றார். அவருடைய மனுசிதான் மாக்கிரட் அன்ரி. “வியாழக்கிழமையில என்னை எங்கை வைச்சுப் பாக்கிறனீங்கள்? ஸ்ரேஷனிலதானே” என்று அன்ரி கேட்டார். 

அடுத்த ஞாயிறு வானொலியில் ஆனந்தராசா மாமா, “திருமதி விமலராணி சிவபாலன் இரண்டாம் இடத்தைப் பிடித்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார்” என்று வாசித்தார். அப்பா, உங்கள் பெயரும் வானொலியில் வந்தது. வேட்பாளர் பெயர் கொடுக்கும்போது விமலராணி என்று மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொன்னார்கள். அம்மாதான் விடவில்லை. முழுப் பெயரையும் போடுங்கோ என்றாராம்.

கோபாலசிங்கம் மாமா திங்கட்கிழமையே திறப்போடு சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார். தைத் தேர்தலில் பெண்களின் வாக்கு அவருக்கும் வேண்டும்தானே என்று சித்தி சொல்கிறார். வியாழக்கிழமை திறவுங்கோ, கேட்டது கிடைச்சிட்டுது, இனி ஏன் வீண் கரைச்சல், போட்டியிலிருந்து விலத்திக்கொள்ளலாம்தானே தங்கச்சி என்று, சித்தி வீட்டுத் தொலைபேசியில் சிஞ்ஞோரா வீட்டுக்கு எடுத்து அவர் அம்மாவிடம் கேட்டார். அம்மா நன்றி சொன்னார். பிறகு, “கரைச்சல் இல்லை அண்ணை. அந்த மூண்டு மணி ஞாயிற்றுக்கிழமையும் இருக்கு” என்றார்.

இந்தக் கடிதத்தை மண்டபத்தில் இருந்துதான் எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. சூடாக்கி போட்டிருக்கிறது. மாக்கிரட் அன்ரியும் றோபேட் மாமாவும் ஒரு மூலையில் சண்டை பிடிக்கிறார்கள், பிறகு சிரிக்கிறார்கள். அம்மா என் பக்கத்தில் மேசையில் தலையை வைத்து நித்திரை. ரயில் நிலையத்தில் அம்மா ஒருநாளும் நித்திரை கொண்டதில்லை. நான் பக்கத்தைத் திருப்பும்போது சத்தம் வராமல் திருப்புகிறேன்.

அப்பா, ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் எனக்கு எழுதும் கடிதத்தின் பின்பக்கம் வழமையாக அம்மாவுக்கு என்று சில வரி இருக்கும். இந்த முறை பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அம்மா கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்துத் தந்துவிட்டார்.  நான் இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. வெல்ல வேண்டும் என்று எழுதத் தேவையில்லை. சேலை வடிவு என்று எழுதினாலும் போதும். படத்தை இதற்குள் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தையில் விசா கிடைத்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். வந்தால் இருப்பதற்கு இடம் இருக்கிறது, வியாழன் பின்னேரத்தில்.

உங்கள் வரவையும் கடிதத்தையும் பார்த்திருக்கும்,
கேசிகா

பின்குறிப்பு: அம்மா எழும்பிவிட்டார். சிஞ்ஞோரா வீட்டுக்கு நேரமாகிவிட்டது. இதை வாசற்படியில் வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் குறை நினைக்க வேண்டாம். அம்மா தானே திறப்பால் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். உள்ளே விளக்குகள் எல்லாம் அணைத்தாயிற்று.