இரும்பு அலமாரியில் உன் பாஸ்போர்ட்

ஹாரோ, இலோஇலோ, பிலிப்பைன்ஸ்

அன்புள்ள ரோவேனா,

"ஒருத்தர் நல்லது செஞ்சா நம்பவே மாட்டியாம்மா?" என்று விமான நிலையத்தில் நீ கேட்டாய். அந்தக் கூட்டத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே நாங்கள் சுகம், புயலில் பெயர்ந்த சமையலறைத் தகரத்தை அப்பா மறுபடி அடித்துவிட்டார், நீ அந்தக் குளிரில் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நம்பக் கூடாது என்பதில்லை மகளே. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் நின்றவள் நான். கேட்காமலே கரும்பலகையைத் துடைத்துவைக்கும் பையனைப் பாராட்டுவேன், பிறகு அவன் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறானா என்று பார்ப்பேன். பாதி நாள் எழுதியிருப்பான். மீதி நாள்தான் என்னை இப்படி ஆக்கியது.

கடல் கடந்து உன்னைப் போன்ற ஓவியர்களை வரவழைத்து, அறை கொடுத்து, மூன்று வேளையும் சோறு போட்டு, "வரையணும்னு கட்டாயமில்ல, காட்டுல நடந்தாலே போதும்" என்று ஒரு சீமாட்டி சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அப்பா சிரிக்கிறார். "இயேசுவே வந்து ரொட்டி குடுத்தாலும், மாவு எந்தக் கடையிலன்னு கேப்பா இவ" என்று கோயில் வாசலில் பாதிரியாரிடமே சொல்லிவிட்டார். சொல்லட்டும். இப்படி ஓவியர்களைத் தங்கவைப்பது பல நாடுகளில் வழக்கம்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், அந்தச் சோற்றை ஒப்புக்கொண்டும் விட்டேன். ஒப்புக்கொள்ள முடியாதது, ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்துக்கொண்டே சொன்னது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் உன் பாஸ்போர்ட்டை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறார். உன்னோடு அங்கே தங்கியிருக்கும் நேபாளப் பெண்ணுடையதையும் வாங்கியிருக்கிறார். ஜெர்மன்காரருடையதை வாங்கவில்லை. ஏன், அவருடையது மட்டும் தொலையாதா?

எதிர்வீட்டு நெனிதாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வளைகுடாவில் வீட்டுவேலை பார்த்துத் திரும்பியவள். மீன் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "பத்திரமா இருக்கட்டும்னுதான் அந்த வீட்டு மேம் என்கிட்டயும் வாங்குனா. திருப்பிக் கேக்குற வரைக்கும் தங்கமான மனுஷி" என்றாள்.

உங்கள் சீமாட்டி உண்மையிலேயே நல்லவராக இருக்கலாம். அப்படியானால் அவரை இவ்வளவு தூரம் சந்தேகப்பட்டதற்கு நானே மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன், காய்ந்த மாம்பழமும் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். ஆனால் இங்கே உட்கார்ந்து எனக்கு அது தெரியப்போவதில்லை, உனக்குத்தான் தெரியும். மாதா உன் கூடவே இருக்கட்டும். கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

இதைப் படித்த மறுநாள் காலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேள். காரணம் எதுவும் சொல்லாதே. கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்.

உன் அம்மா,
எர்லிந்தா