யாரால்?

திண்டுக்கல்
6 ஜூலை

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள ஐரின் அக்காவுக்கு,

உன் தங்கை ஷைனி எழுதுவது. நானும் அம்மாவும் அப்பாவும் சுகம். நம் மாவு மில்லில் பெல்ட் அறுந்து அப்பாவுக்கு ஒரு நாள் வேலை கெட்டது. மற்றபடி குறையில்லை. நீ சுகமா? கன்னியராகப் பயிற்சி பெறும் நவதுறவு இல்லத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. உன் வாட்ஸ்அப் படத்தை அடிக்கடி திறந்து பார்க்கிறேன். அதில் நீ கல்லூரி விழாவுக்குக் கட்டிய பச்சைப் புடவையில் பல் தெரியச் சிரிக்கிறாய்.

வருகிற கடிதங்களைப் பொறுப்பாளர் சிஸ்டர் படித்துவிட்டுத்தான் தருவார் என்று அம்மா சொன்னார். அதனால் சிஸ்டர் சகாயமேரிக்கு முதலில் என் வணக்கம். சிஸ்டர், இது பெரும்பாலும் இலக்கணக் கடிதம்தான்.

தமிழில் இப்போது செய்வினை, செயப்பாட்டுவினை நடக்கிறது. “பொன்னழகு சோறு ஆக்கினாள்” என்பது செய்வினை. “சோறு பொன்னழகால் ஆக்கப்பட்டது” என்பது செயப்பாட்டுவினை. சோறு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பொன்னழகு ஒரு ‘ஆல்’ போட்டுக்கொண்டு பின்னால் போகிறாள். வினையில் ‘படு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இசைவாணி டீச்சர் சொன்னார்: “இதுல ஒரு சவுரியம் இருக்கு பிள்ளைகளா. ‘ஆல்’ போட்ட ஆளு நின்னாலும் நிக்கலாம், நைசாக் கெளம்பியும் போயிரலாம். ‘ஜன்னல் கண்ணாடி உடைக்கப்பட்டது.’ வாக்கியம் முடிஞ்சுபோச்சு. உடைச்சவ பக்கத்துலயே நின்னு மாங்கா தின்னுக்கிட்டு இருப்பா.” எல்லாரும் வகுப்பிலிருந்த பொன்னழகைப் பார்த்துச் சிரித்தோம். போன வாரம் கண்ணாடியை உடைத்தது அவள்தான்.

வீட்டில் நடந்ததை வைத்துப் பத்து வாக்கியங்கள் எழுதி வரச் சொன்னார். “மிளகாய் அப்பாவால் அரைக்கப்பட்டது.” சரி. “மீன் குழம்பு பூனையால் கவிழ்க்கப்பட்டது.” இதுவும் சரி, நடந்ததும் உண்மை. எட்டாவதாக “என் அக்கா மடத்தில் சேர்க்கப்பட்டாள்” என்று எழுதினேன். டீச்சர் பக்கத்தில் சிவப்பு மையில் “யாரால்?” என்று எழுதியிருந்தார்.

‘கடவுளால்’ என்று சேர்த்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்போது உன் போன கடிதம் ஞாபகம் வந்தது. “தோட்டப் பணி கொடுக்கப்பட்டிருக்கிறது. துறவற வாழ்வுக்கான முதல் வார்த்தைப்பாட்டுக்குச் செப்டம்பர் எட்டாம் தேதி குறிக்கப்பட்டுள்ளது. வெள்ளை உடைக்கு அளவு எடுக்கப்பட்டது.” அந்தக் கடிதத்தை மறுபடி முழுக்கப் படித்தேன். அதில் நீ எதையுமே செய்யவில்லை, அக்கா. சாப்பிட்டதும் தூங்கியதும் தவிர.

பத்து வாக்கியங்களையும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் செய்வினையாக மாற்றி அனுப்பு. எட்டாவதை மறந்துவிடாதே.

உன் அன்புத் தங்கை,
ஷைனி


நவதுறவு இல்லம், திருச்சி
21 ஜூலை

இயேசுவுக்கே புகழ்!

அன்புத் தங்கை ஷைனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிஸ்டர் சகாயமேரி அதைத் தரும்போது சிரித்துக்கொண்டே தந்தார். பூனை வாக்கியம் அவருக்குப் பிடித்துவிட்டது.

அப்பாவைத் தூசியில் முகமூடி போட்டுக்கொள்ளச் சொல். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே கத்தரி பூவெடுத்திருக்கிறது. வெண்டைதான் பூச்சியடித்துவிட்டது.

நான் எதையுமே செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம். வரிக்கு வரி ‘நான், நான்’ என்று வந்தால் தலைக்கனம் போலத் தெரியும். செயப்பாட்டுவினை ஒன்றும் பொய் இல்லை, ஷைனி. அதுவும் இலக்கணம்தான்.

வாக்கியங்களை மாற்றி வைத்திருக்கிறேன். ஐந்தாவதில் ‘துவைக்கபட்டது’ என்று ப் இல்லாமல் எழுதியிருக்கிறாய், கவனம். எட்டாவது வாக்கியம் இருக்கிறபடியே இருக்கட்டும். எல்லா வாக்கியத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

நன்றாகப் படி. மழையில் நனையாதே. எனக்காகச் செபி.

அன்பு அக்கா,
ஐரின்


திண்டுக்கல்
3 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை இயேசுவுக்குப் புகழ் சொல்லித் தொடங்கப் பயமாக இருக்கிறது. அவரைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. சிஸ்டர் சகாயமேரி மன்னிக்கவும்.

நீ எட்டாவதை விட்டுவிட்டதால் அம்மாவிடமே கேட்டேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“அக்காவ மடத்துல சேத்தது யாரும்மா?”

“யாருன்னா? நேந்தாச்சு, குடுத்தாச்சு. நாளும் குறிச்சாச்சு. இப்ப வந்து என்னா கேள்வி?”

“யாரு நேந்தது?”

“ஏ புள்ள, கீரைய உருவ மாட்ட, வாயி மட்டும் இம்புட்டு நீளம்.”

பேச்சில் யாரும் ‘படு’ போடுவதில்லை என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் அம்மாவின் ‘ஆச்சு’ம் அதே வேலையைத்தான் செய்கிறது. குடுத்தாச்சு என்றால் கொடுத்த ஆள் காணாமல் போய்விடுகிறது.

மில்லில் இருந்து மாவு அப்பிய தலையோடு வந்த அப்பாதான் சொன்னார். “ஒனக்கு அஞ்சு மாசத்துல மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில கைய விரிச்சுட்டாங்க. அப்பத்தான் ஒங்கம்மா கோயில்ல மண்டிபோட்டு, ‘சின்னது பொழச்சா மூத்தத ஒனக்குத் தந்துர்றேன்’னு...” அம்மா கீரைத்தண்டை அப்பாவைப் பார்த்து எறிந்தார். “சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கம்ல!”

உனக்கு இது தெரியுமா, அக்கா? எப்போது தெரியும்? அப்போது உனக்கு எட்டு வயது. எனக்கு மட்டும்தான் தெரியாதா?

இலக்கணப் புத்தகத்தில் மூன்றாம் வேற்றுமையைத் தேடிப் பார்த்தேன். ‘ஆல்’ என்பது செய்தவருக்கும் வரும், காரணத்துக்கும் வரும். “கொத்தனால் கட்டப்பட்டது.” “மழையால் பள்ளி விடுமுறை.” எட்டாவது வாக்கியத்தை எடுத்து எழுதிப் பார்த்தேன். “என் அக்கா என்னால் மடத்தில் சேர்க்கப்பட்டாள்.” எழுத்துப்பிழை இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அழைப்பிதழ் வந்துவிட்டது. “இறைவனால் அழைக்கப்பட்ட எங்கள் அன்பு மகள் ஐரின்” என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. அச்சகத்தில் ‘யாரால்’ என்பதைக் கேட்காமலே போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கன்னிவாடி டோனி மாமா வேன் பேசிவிட்டார். அம்மா ஊதாவில் பட்டு எடுத்திருக்கிறார். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நான் காலண்டர் பக்கமே போவதில்லை.

கடவுள் உன்னை நிஜமாகவே அழைத்திருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். பச்சைப் புடவைப் படத்தைக்கூட மாற்றிக்கொள்ளச் சொல்வேன். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். கீழே எழுதுகிறேன். செய்வினையாக மாற்று.

“செப்டம்பர் எட்டாம் தேதி ஐரினால் வார்த்தைப்பாடு கொடுக்கப்படும்.”

ஷைனி


நவதுறவு இல்லம், திருச்சி
18 ஆகஸ்ட்

ஷைனிக் கண்ணு,

உன் கடிதம் வந்த அன்று சிஸ்டர் சகாயமேரி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் பிரித்தபடி மேசை மேல் இருந்தது. திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். சிஸ்டர் உன் கடைசி வரியில் விரல் வைத்து, “இதுக்கு என்ன பதில் எழுதப்போற, ஐரின்?” என்றார்.

“மாத்திருவேன் சிஸ்டர். சின்ன வாக்கியம்தானே” என்றேன்.

“இந்தா, எழுது” என்று பேனாவைத் தந்தார். ‘ஐரின்’ என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. சிஸ்டர் பேனாவை வாங்கி மூடினார். பிறகு, “இம்புட்டு நாளா நான் ஒங்கிட்ட ‘சந்தோஷமா இருக்கியா’ன்னுதாம்மா கேட்டிருக்கேன். ‘யாரு சொல்லி வந்த’ன்னு கேக்கவே இல்ல” என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். அம்மா மண்டிபோட்டபோது நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘மூத்தது’ என்றால் நான்தான் என்று புரிந்தது. நீ பிழைத்தாய். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. கல்லூரி முடிந்ததும் பெட்டி கட்டப்பட்டது. நானும் ஏறி உட்கார்ந்தேன். இங்கே யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. தோட்டமும் பாட்டும் பிடித்திருக்கிறது. ஆனால் செபத்தில் ‘என்னை அழைத்தவரே’ என்று சொல்லும்போதெல்லாம் அம்மா முகம்தான் வருகிறது.

இப்போது உன் இலக்கணம். “என்னால் சேர்க்கப்பட்டாள்” என்பது தவறு. ஐந்து மாதக் குழந்தை அழுவதைத் தவிர எந்த வினையும் செய்யாது. உன்னை மழை என்று வேண்டுமானால் சொல், கொத்தன் என்று சொல்லாதே. மழை யாருக்கும் விடுமுறை அறிவிப்பதில்லை. நீ சாப்பிடு.

நீ கேட்ட வாக்கியம் இதோ.

“செப்டம்பர் எட்டாம் தேதி ஐரின் வார்த்தைப்பாடு கொடுக்கமாட்டாள்.”

மாற்றும்போது பொருள் மாறக் கூடாது என்று உன் டீச்சர் சொல்லியிருப்பார். மாறிவிட்டது. மதிப்பெண் போனால் போகட்டும்.

நான் வீட்டுக்கு வர விரும்புகிறேன். ஆனால் வாசலில் அம்மா எப்படி நிற்பார் என்று தெரியவில்லை. சிஸ்டர் போனில் சொல்கிறேன் என்றார். வேண்டாம், என் வாக்கியமாகவே போகட்டும் என்றேன். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நீயே படித்துக் காட்டு. ஒரு வரிகூட விடாதே. அம்மா வர வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் எழுது.

அக்கா,
ஐரின்


திண்டுக்கல்
28 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக் காட்டினேன். முந்தானை வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்பா வாங்கி மீதியைப் படித்தார். அம்மா அழவில்லை. எழுந்து வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு நான் தும்மினால் அம்மா வந்து தொட்டுப் பார்த்தார். பள்ளிக்குக் கிளம்பும்போது தொட்டார், வந்ததும் தொட்டார். வாக்கை முறித்தால் சாமி என்னை எடுத்துக்கொள்வார் என்று அம்மா பயப்படுகிறார், அக்கா. ‘பயப்படு’கிறார். இந்தப் ‘படு’வுக்கு ‘யாரால்’ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் தலைவலித்தது. சொல்லவே இல்லை.

நேற்று கன்னிவாடி மாமா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சுக்கா. எம்புட்டுப் பேரு வாராக?”

“வேன் வேணாம், டோனி.”

“ஏன், பங்ஷன தள்ளி வச்சிருக்காகளா?”

அம்மா என்னைப் பார்த்தார். ‘ஆமா, தள்ளி வச்சாச்சு’ என்று முடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

“இல்லடா. அவளக் கேக்காம நான்தான் நேந்துட்டேன். நானே போயிக் கூட்டியாரப்போறேன்.”

மாமா என்னென்னவோ கேட்டார். அம்மா போனை அப்பாவிடம் தந்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அக்காளுக்கு எழுதுறியா? இதையும் போடு” என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஐரினு, நான்தான் நேந்தேன். சாமி கேட்டா என்னையக் கேக்கட்டும், ஒன்னையும் கேக்க வேணாம், இவளையும் கேக்க வேணாம். நான் திங்கக்கெழம காலைல வாரேன். அந்தப் பச்சச் சேலையக் கொண்டாரேன்.”

எல்லாம் செய்வினை. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் முதலில் வருமா, அம்மா முதலில் வருவாரா தெரியவில்லை. இப்போதும் அம்மா வந்து நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனார். சூடு இல்லை. அம்மாவின் கைதான் சில்லென்று இருந்தது. நான் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேன்.

உன் தங்கை,
ஷைனி